ஸ்டெப்னி இல்லாத வண்டி

வெளியூர்ப் பயணம் புறப்படுமுன் காரின் டிக்கியைத் திறந்து பார்ப்பது என் நெடுநாளைய வழக்கம். சொந்த வண்டியாயினும், வாடகை வண்டியாயினும், உறவினர் வண்டியாயினும் சரி, ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்ப்பதோடு நில்லாமல் கட்டை விரலால் அழுத்துவேன். மனம் அமைதி கொள்ளாவிட்டால் வெளியே எடுத்து வைத்துக் காலால் உதைத்தும் பார்ப்பேன். வீட்டில் உள்ளவர்கள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. "மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் இவர் முதலில் அந்த வீட்டு வண்டியின் டிக்கியைத்தான் பார்ப்பார்" என்பாள் என் மனைவி. நானும் உடன் சிரித்துக்கொள்வேன். அந்த வழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை மட்டும் எவரிடமும் கூறியதில்லை.

2023-ஆம் ஆண்டில் ஒரு நாள் மாலை, கீழக்கரையில் எங்கள் வீட்டு வாசலில் என் ராத்தாவின் மகளுடைய புதிய கார் வந்து நின்றது. அவள் மதுரையில் மருத்துவராகப் பணியாற்றுகிறாள். என் கண்ணில் செய்துகொள்ள வேண்டியிருந்த ஓர் அறுவைக்காக என்னைத் தன்னுடன் அழைத்துப் போக வந்திருந்தாள். இரவு உணவுக்குப் பின் புறப்படுவதாக ஏற்பாடு. பெட்டியை வைக்கும் சாக்கில் டிக்கியைத் திறந்து, அடியிலிருந்த விரிப்பைத் தூக்கினேன். முதலுதவிப் பெட்டி ஒன்றும், மடித்து வைத்த சிவப்பு முக்கோணம் ஒன்றும் இருந்தன. சக்கரம் இல்லை. ஜாக்கியும் இல்லை.

"ஸ்டெப்னி எங்கே, மகளே?" என்று வினவினேன்.

"இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது, மாமா. இதில் இருப்பவை ரன்ஃபிளாட் டயர்கள். காற்றுப் போனாலும் ஓடும்."

"எவ்வளவு தூரம் ஓடும்?"

"80 கிலோமீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"அதற்குப் பிறகு?"

"அதற்குள் ஏதாவது ஓர் ஊர் வந்துவிடும், மாமா" என்று சொல்லிச் சிரித்தாள். கீழக்கரையிலிருந்து மதுரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். நான் மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

நிற்க. ஸ்டெப்னி என்னும் இச்சொல்லின் வரலாற்றைச் சிறிது கூறிவிட்டு மேலே செல்வது நலம். இது தமிழ்ச் சொல் அன்று என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால், இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ போய்க் கேட்டால் இன்று அங்குள்ளோருக்கு இச்சொல் விளங்காது என்பது பலருக்குத் தெரியாது. வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்று ஓர் ஊர். அவ்வூரில் ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். அத்தெருவில் இரும்புச் சாமான் வணிகம் செய்துவந்த வால்டர் டேவிஸ், டாம் டேவிஸ் என்னும் சகோதரர் இருவர், 1904-ஆம் ஆண்டில் உதவிச் சக்கரம் ஒன்றை உருவாக்கி, அதற்குத் தங்கள் தெருவின் பெயரையே சூட்டினர். அக்காலத்துக் கார்களில் மாற்றுச் சக்கரம் வைக்கும் வழக்கம் இல்லை. குதிரைகள் ஓடிய சாலைகளில் லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும். ஆணி ஏறினால் நடுத்தெருவில் அமர்ந்து டயரைப் பிரித்து, டியூபை எடுத்து ஒட்டி, மீண்டும் பூட்டிக் காற்றடிக்க வேண்டியதுதான்.

டேவிஸ் சகோதரரின் சக்கரத்தில் ஆரக்கால்களே இல்லை. காற்றடைத்த டயரோடு கூடிய வெறும் வளையம் அது. பழுதான சக்கரத்தைக் கழற்றாமல், அதன் பக்கத்திலேயே இவ்வளையத்தை வைத்து இறுகப் பூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். லண்டன் வாடகைக் கார்களில் அது பரவியது. கடல் கடந்தும் விற்பனையாயிற்று. பின்னர் முழுச் சக்கரத்தையே கழற்றி மாற்றும் வசதி வந்ததும் அந்த வளையம் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் இந்தியா, வங்கதேசம், மால்டா போன்ற நாடுகளில் தங்கிவிட்டது. வேல்ஸில் ஒரு தெருவின் பெயர், ஸ்கூட்டரின் முதுகில் ஏறியும் லாரியின் அடியில் தொங்கியும் நம் பட்டிக்காடுகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. முதல் ஸ்டெப்னி, பழுதான சக்கரத்துக்கு முழு மாற்றாக வந்ததன்று. பட்டறை வரையில் போய்ச் சேர்வதற்கான அவகாசத்தைத் தந்தது, அவ்வளவே. அதன் பின்புதான் நான்கு சக்கரங்களுக்கும் ஒத்த ஐந்தாம் சக்கரம் வந்தது. அது முழு மாற்று. பூட்டிவிட்டால் மதுரைக்கும் போகலாம், மதராஸுக்கும் போகலாம். மாற்று என்பது வேறு; அவகாசம் என்பது வேறு. இந்த வேற்றுமையை நான் நூல்களில் படித்து அறிந்தேனில்லை.

*

1979-ஆம் ஆண்டு. எங்கள் வாப்பாவிடம் அம்பாஸடர் கார் ஒன்று இருந்தது. சங்கு வணிகத்துக்காக வாங்கியது. ஊரில் யாருக்கு உடல்நலம் இல்லையென்றாலும் அதுதான் ஓடும். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ராத்தா தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தார். டிரைவர் தம் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள் பிற்பகல், வாப்பா என்னை அழைத்தார். "ராத்தாவுக்கு நாள் நெருங்குகிறது. வண்டிக்கு எண்ணெய் போட்டு வை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடு" என்றார்.

பெட்ரோல் போட்டேன். டிக்கியைத் திறந்தேன். சக்கரம் தன் இடத்தில் இருந்தது. அதை இழுத்து வெளியே எடுத்தால் வேட்டி அழுக்காகும். நண்பர்கள் கடற்கரையில் காத்திருந்தார்கள். மூடிவிட்டு வந்து, "பார்த்தேன் வாப்பா, இருக்கிறது" என்றேன். நான் கூறியது பொய்யன்று, ஸ்டெப்னி இருந்தது. காற்று இருந்ததா என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. அதற்கு முந்திய வாரம் டிரைவர் அதை ஒருமுறை பயன்படுத்தியிருந்தார் என்பதும், பஞ்சரான சக்கரத்தை ஒட்டாமலேயே அங்கே வைத்துவிட்டார் என்பதும் பின்னர்தான் தெரிய வந்தன.

அன்றிரவே ராத்தாவுக்கு வலி கண்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, மதுரைக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கூறிவிட்டார். நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்டோம். பின் இருக்கையில் ராத்தாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உம்மா ஓதிக்கொண்டே வந்தார். முன்னால் வாப்பா. பரமக்குடி கடந்து சில மைல் போயிருப்போம். பின் சக்கரம் ஒன்று வெடித்தது. இருபுறமும் சீமைக் கருவேலங்காடு. டார்ச் விளக்கை வாப்பா பிடிக்க, ஜாக்கி கொடுத்துத் தூக்கி, பழைய சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியைப் பூட்டித் திருகுகளை முறுக்கினேன். என் கைகள் விரைவாகவே வேலை செய்தன. பிறகு ஜாக்கியை இறக்கினேன். வண்டி இறங்கியது; வண்டியோடு டயரும் இறங்கி, இரும்பு வளையம் தரையைத் தொட்டது.

வாப்பா விளக்கை அந்தச் சக்கரத்தின் மீது பிடித்தார். பிறகு என் முகத்துக்கு நேரே ஒரு கணம் உயர்த்தினார். பிறகு அணைத்துவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கரி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வந்து நிற்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த ஓட்டுநர் தம் உதவியாளரை மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டு, ராத்தாவையும் உம்மாவையும் தம் அருகில் இருத்திக்கொண்டு போனார். அவர் யாரோ, எவ்வூரோ, பின்னர் தேடியும் அறிய முடியவில்லை. ராத்தா பிழைத்தார். ஆண் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1982-இல், இந்த மகள் பிறந்தாள். ஸ்டெப்னியில் ஏன் காற்றில்லை என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. வாப்பா தம் இறுதி வரையில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

*

இனி 2023-ஆம் ஆண்டின் இரவுக்கு வருவோம். இராமநாதபுரத்தைத் தாண்டிச் சத்திரக்குடியை நெருங்கும்போது ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே மஞ்சள் நிறத்தில் சிறு விளக்கொன்று எரிந்தது. மற்ற மூன்று டயர்களிலும் 33 பவுண்டு என்று காட்டிய கருவி, பின்புற இடப்பக்க டயரில் 21 என்று காட்டியது. சற்று நேரத்தில் 15 என்றது, பின்னர் 9. வண்டியில் ஓர் ஆட்டமும் இல்லை, ஓசையும் மாறவில்லை. கருவி காட்டியிராவிட்டால் இருவரும் அறிந்திருக்கமாட்டோம். என் மருமகள் பதறவில்லை. வேகத்தை 60-க்குக் குறைத்துக்கொண்டு, சாலையின் இடப்புறமாகவே ஓட்டினாள். நான்தான் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தேன்.

"இறங்கிப் பார்க்க வேண்டாமா?"

"வேண்டாம் மாமா. இந்த இடத்தில், இந்நேரத்தில் நிற்காமல் போவதற்குத்தான் இந்த டயர்."

காற்றில்லாத டயர் எப்படி ஓடுகிறது என்பதை அவள் வழியிலேயே விளக்கினாள். பிற்பாடு நானும் படித்துத் தெரிந்துகொண்டேன். நாம் டயர் வண்டியைத் தாங்குகிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் தாங்குவது அதனுள் அடைபட்ட காற்றே. ஒன்றரை டன் எடையுள்ள கார், விரித்த கையளவேயான நான்கு இடங்களில்தான் தரையைத் தொட்டு நிற்கிறது. காற்றுப் போய்விட்டால், சாதாரண டயரின் மெல்லிய பக்கச் சுவர் மடிந்து, இரும்பு வளையத்துக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கிச் சில நிமிடங்களில் கிழிந்துவிடும். ரன்ஃபிளாட் டயரில் அந்தப் பக்கச் சுவருக்குள் வெப்பம் தாங்கும் தடித்த ரப்பர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். காற்றுப் போனதும் அச்சுவரே தூண்போல் நின்று சுமையை ஏற்கிறது.

ஏற்கிறது; ஆனால் எவ்வளவு நேரம்? கார் டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர். ஆகவே 80 கிலோமீட்டர் ஓடுவதற்குள் சக்கரம் 40,000 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தச் சுவர் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. வளைந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் சூடேறுகிறது. வேகம் கூடினால் சூடு கூடும். சுமை கூடினாலும் கூடும். ரப்பரைக் கொல்வது அந்தச் சூடே. 80 என்னும் எண், அந்தச் சூடு எல்லை மீறுமுன் ஓடி முடிக்க வேண்டிய தூரத்தைக் குறித்துச் செய்தவர்கள் இட்ட கோடு.

இந்த எண்ணமும் புதிதன்று. இங்கிலாந்தின் டன்லப் நிறுவனம் 1970-களின் முற்பகுதியிலேயே டெனோவோ என்னும் டயரை வெளியிட்டது. காற்றுப் போனதும் உள்ளிருக்கும் சிறு குப்பிகள் உடைந்து, அவற்றிலுள்ள நீர்மம் உராய்வைத் தணிக்கும். மினி 1275 ஜி.டி. போன்ற சில கார்களில் அதைப் பொருத்தினர். அதற்கெனத் தனி வளையம் வேண்டியிருந்தது, பரவாமலே மறைந்தது. பக்கச் சுவரைத் தடிப்பாக்கிய டயரை அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் உருவாக்க, 1994-இல் கார்வெட் காரில் விரும்புவோருக்கு அது வழங்கப்பட்டது. 1997-இல் வந்த புதிய கார்வெட்டில் மாற்றுச் சக்கரத்துக்கு இடமே வைக்கவில்லை. 2000-க்குப் பின் உயர்விலைக் கார்கள் பலவற்றில் இது வழக்கமாயிற்று.

இத்தகைய டயரோடு காற்றளவு காட்டும் கருவியும் இருந்தே ஆக வேண்டும். சாதாரண டயரில் காற்றுப் போனால் வண்டியே ஒருபுறம் இழுத்து நமக்குச் சொல்லிவிடும். ரன்ஃபிளாட் டயரோ நோயை வெளிக்காட்டாத நோயாளி. கருவி இல்லாவிட்டால் அந்த 80 கிலோமீட்டர் எப்போது தொடங்கிற்று என்பதே தெரியாமற் போகும்.

சத்திரக்குடிக்கு அருகிலிருந்து மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அவகாசமோ 80. அந்தப் பத்துக் கிலோமீட்டர்க் குறையைப் பற்றி இருவருமே பேசவில்லை. பரமக்குடியில் இரவிலும் திறந்திருக்கும் பஞ்சர் கடை ஒன்று கண்ணில் பட்டது, வண்டியைத் திருப்பினாள்.

கடைக்காரர் நடுவயதினர். டயரைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்து, ஒரு விரல் நீள ஆணியைக் காட்டினார். "பாய், இந்த டயரை என் கடப்பாரையால் பிரிக்க முடியாது. பக்கச் சுவர் கல் மாதிரி இருக்கிறது. இதற்குத் தனி மிஷின் வேண்டும். இந்த அளவில் புது டயர் கேட்டால் பரமக்குடியில் மட்டுமல்ல, எங்கேயும் உடனே கிடைக்காது. மேலாகத் திரி வைத்து அடைத்துத் தருகிறேன், மெதுவாகப் போய்விடுங்கள்" என்றார். வேலை செய்துகொண்டே, "ஸ்டெப்னி இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிக்கொண்டு போயிருக்கலாம், டாக்டரம்மா" என்று சொன்னார்.

"உண்மைதான் அண்ணா. ஆனால் அந்தப் பத்து நிமிடம் நான் எங்கே நிற்பது?" என்றாள் என் மருமகள்.

கடைக்காரர் பதில் கூறவில்லை. நானும்தான். இரவுப் பணி முடித்து நள்ளிரவில் தனியே வண்டி ஓட்டி வரும் பெண் அவள். நாற்பது ஆண்டுகளாக நான் டிக்கிகளைத் திறந்து பார்த்துவந்தபோதெல்லாம், ஸ்டெப்னியை மாற்றுவதற்கு ஓர் ஆண்பிள்ளை அருகில் இருப்பான் என்பதை வைத்தே கணக்கிட்டு வந்திருக்கிறேன். 15, 20 கிலோ எடையுள்ள சக்கரத்தை இருட்டில் தூக்கிப் பூட்ட முடியாத பெண்ணுக்கும், முதியவருக்கும், பின்னால் லாரிகள் விரையும் நாற்கரச் சாலையின் ஓரத்தில் கீழே குனிந்திருப்பதைவிட, நிற்காமல் போக முடிவதே பாதுகாப்பு. இந்த உண்மையை மறுத்து எழுதினால் நான் நேர்மையாளன் ஆகமாட்டேன்.

*

பரமக்குடியிலிருந்து மதுரை வரையில் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே சென்றோம். 1979-இல் எங்கள் வண்டி நின்ற இடம் எதுவென்று இன்று அடையாளம் தெரியவில்லை. சாலை அகன்றுவிட்டது. ஆயினும் அந்த மைல்களைக் கடக்கும்போது, நாற்பத்து நான்கு ஆண்டுகளாகச் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஓர் அண்ணன் பிறந்து மறைந்தது அவள் அறிந்ததே. வழியில் பஞ்சர் ஆனதும் அறிந்ததே. நான் பார்க்காமலேயே "பார்த்தேன்" என்று சொன்னது மட்டும் அவளுக்குத் தெரியாது. 2021-இல் காலமான ராத்தாவிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அவள் நெடுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு மருத்துவருக்குரிய குரலில், "இரண்டு மணி நேரம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்கலாம், மாமா. பிழைக்காமலும் போயிருக்கலாம். அந்த நேரத்தில் உம்மாவைப் பரிசோதிக்காமல் எந்த டாக்டராலும் சொல்ல முடியாது" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்ல அவள் முயலவில்லை. அதற்காக அவளிடம் நன்றி உடையேன். சிறிது தூரம் சென்றதும், "அந்த எண்ணைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு வாருங்கள் மாமா. 30-க்குக் கீழே இறங்கினால் உடனே சொல்லுங்கள். நான் சாலையைப் பார்க்க வேண்டும்" என்றாள்.

ஒரு கண்ணில் புரை படர்ந்திருந்தது. மற்றொரு கண்ணால் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். மானாமதுரையில் 32. திருப்புவனத்தில் 32. மதுரையில் அவள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோதும் 32. நிமிடத்துக்கு ஒருமுறை வாய்விட்டே சொல்லி வந்தேன் போலும். "போதும் மாமா, வீடு வந்துவிட்டது" என்றாள்.

காற்றில்லாமல் ஓடிய டயரின் உட்சுவர் எவ்வளவு சேதமுற்றிருக்கும் என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. ஆதலால் அதை மாற்றிவிடுவதே முறை என்று பட்டறையில் கூறினர். புது டயர் சென்னையிலிருந்து வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. விலையும் சாதாரண டயரைவிட மிகுதி. அந்த நான்கு நாட்களும் மருத்துவர் ஆட்டோவில்தான் மருத்துவமனைக்குப் போனார்.

*

மாற்றுச் சக்கரத்தை ஏன் நீக்குகிறார்கள் என்பதற்குக் காரணங்கள் உள்ளன. எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம். டிக்கியில் இடம் மிச்சம். மின்சாரக் கார்களில் மின்கலத்துக்கு இடம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடாமலே கிடக்கும் ஒரு சக்கரத்தைச் செய்து சுமப்பது வீண் என்பது அவர்கள் வாதம். நம் நாட்டிலும் இதற்கு வழி திறந்தாயிற்று. 2020 ஜூலையில் மைய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டியூபில்லாத டயரும், காற்றளவு காட்டும் கருவியும், பஞ்சர் அடைக்கும் சாதனமும் இருந்தால், 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வண்டிகளில் மாற்றுச் சக்கரம் வைக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபர் முதல் நாளிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது.

வாசகர்கள் இதில் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அந்த விதி ரன்ஃபிளாட் டயர் இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. ஆகவே, ஸ்டெப்னி இல்லாத கார் எல்லாம் காற்றின்றி ஓடும் கார் என்று எண்ணிவிடலாகாது. சில வண்டிகளில் இருப்பது பசை நிறைந்த ஒரு புட்டியும் காற்றடிக்கும் சிறு பொறியும் மட்டுமே. ஆணி குத்திய சிறு துளையை அந்தப் பசை அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் ஆகாது. அந்தப் புட்டிக்குக் காலாவதி நாளும் உண்டு. அது டிக்கியின் மூலையில் எவரும் பார்க்காமலே கடந்துவிடும்.

இரண்டையும் எண்ணிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். ரன்ஃபிளாட் டயர் தருவது அவகாசம். அந்த அவகாசத்தின் மதிப்பு டயரில் இல்லை, சாலையில் இருக்கிறது. 80 கிலோமீட்டருக்குள் அதே அளவு டயரும் அதைப் பூட்டத்தக்க பட்டறையும் இருக்கும் ஊர்களுக்கு அது போதும், போதுமென்பதைவிட, நன்று. அவை இல்லாத ஊர்களுக்கு அது பாதி வழி வரையில் துணை வந்து கையை விட்டுவிடும் நண்பனைப் போன்றது. சென்னைக்குள் ஓடும் வண்டிக்கு ஒரு தீர்ப்பு. கீழக்கரைக்கும் தொண்டிக்கும் ஓடும் வண்டிக்கு வேறு தீர்ப்பு. இல்லத்துக்குப் புதிய வண்டி வாங்குவோர் நிறத்தையும் இருக்கையையும் பார்ப்பதோடு, இந்த டயர் நம் மாவட்டத்தில் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். டிக்கியில் இடமிருந்தால் மாற்றுச் சக்கரம் ஒன்றைத் தனியே வாங்கி, ஜாக்கியோடு வைத்துக்கொள்வதும் தவறன்று. என் மருமகள் இப்போது நெடுந்தூரப் பயணங்களுக்கு அவ்வாறே செய்கிறாள். நகருக்குள் போகும்போது அதை வீட்டில் இறக்கி வைத்துவிடுகிறாள்.

மாற்றாயினும் அவகாசமாயினும், பார்க்கும் கண் ஒன்று வேண்டும். ஸ்டெப்னிக்கு விரலால் அழுத்திப் பார்க்கும் மனிதன் வேண்டும். ரன்ஃபிளாட்டுக்கு அந்த மஞ்சள் விளக்கை அசட்டை செய்யாத மனிதன் வேண்டும். அது எரிவதைக் கண்டு, "கருவியில் கோளாறு" என்று தள்ளிவிட்டு ஓட்டுவோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைக் காணும்போது, வேட்டி அழுக்காகும் என்று எண்ணி டிக்கியை மூடிய இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவன் என் நினைவுக்கு வருகிறான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஊருக்குத் திரும்பும் நாளில், என் மருமகள் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். பழக்கத்தால் நான் பின்புறம் போனேன். அன்று டிக்கியில், துணி விரித்து, ஒரு சக்கரம் வைக்கப்பட்டிருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன். பிறகு காற்றளவு பார்க்கும் சிறு கருவியை அவளிடம் கேட்டு வாங்கி, வால்வில் வைத்துப் பார்த்தேன்.

"எவ்வளவு மாமா?" என்று முன்னாலிருந்து கேட்டாள்.

"33" என்றேன். மறுமுறையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.